அந்த அம்புக்குறியை இன்னும் போடாதே

கண்ணு,

இங்கே எல்லாரும் இருக்கிறோம். நன்றாக இருக்கிறோமா என்பதை இதைப் படித்து முடித்தபின் நீயே சொல். போனில் பேசலாம்தான். பேசினால் நீ "சரிம்மா, சரிம்மா" என்பாய், நடுவில் யாராவது உன்னைக் கூப்பிடுவார்கள், "அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிடுவாய். கடிதத்தை அப்படித் துண்டிக்க முடியாது. ஓரமாக வைத்தாலும் அது மேசைமேல் கிடந்து உன்னைப் பார்த்துக்கொண்டிருக்கும். நான் ஐந்தாவதோடு நிறுத்தப்பட்டவள், எழுத்து கோணலாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள். ஆனால் மறதி எனக்கு வந்ததில்லை. அது உனக்குத் தெரியும், உன் அப்பாவுக்குத் தெரிந்திருந்தது, இந்த ஊரில் என்னிடம் வாய் கொடுத்த ஒவ்வொருவருக்கும் தெரியும்.

விஷயம் இதுதான். உன் பெரியப்பா மகன் நம் இடிக்கல் சாமிக்கு ஒரு கல்வெட்டு வைக்கப் போகிறான். ஓசூர் கம்பெனிகளுக்கு ஆள் அனுப்பும் காண்டிராக்டில் அவன் கை இப்போது ஓங்கியிருக்கிறது. கிருஷ்ணகிரியில் சொல்லி, கருப்பு கிரானைட் பலகை பாலிஷ் போட்டு வந்து இறங்கிவிட்டது. அதில் வெட்டப் போகிற வாசகத்தை ஊரெல்லாம் காட்டினான். எனக்கும் காட்டினான். "நாலாயிரம் ஆண்டுகளுக்கு முன் வடக்கிலிருந்து வணிகர் வழியே வந்த கற்கோடரி, எங்கள் குடும்பத்தார் நிலத்தில் கிணறு வெட்டும்போது கிடைத்தது." அதற்குக் கீழே, ஆராய்ந்து கண்டவர் என்று உன் பெயர், படிப்போடு. வருகிற வெள்ளிக்கிழமை எழுத்து வெட்ட ஆரம்பிக்கிறார்கள். திருவிழாவன்று நீ வந்து துணியை விலக்க வேண்டுமாம். வணிகர் கதையும் கிணற்றுக் கதையும் ஒரே கல்லில், என் மகளின் பெயரோடு. அதைப் படித்த நேரத்திலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

போன வருடம் நீ அந்த மெஷினைக் கொண்டுவந்த நாளை நினைத்துப் பார். முடி காயவைக்கும் சாமான் போல ஒன்று. அதன் மூக்கைக் கல்லின்மேல் வைத்து அழுத்தினால் கல்லுக்குள் என்னென்ன கலந்திருக்கிறது என்று எண் எண்ணாக வரும் என்றாய். கம்பெனி காம்பவுண்டுச் சுவருக்கும் நம் கொல்லைக்கும் நடுவில் இருக்கிற அந்தப் புங்கமரத்தடியில் ஊரே கூடி நின்றது. மேடையில் வரிசையாகச் சாமிகள். கையளவு கருங்கல், ஒரு பக்கம் கூம்பி, மறுபக்கம் விளிம்பு தேய்ந்து வழவழவென்று. இடி விழும்போது வானத்திலிருந்து இறங்கியவை என்று நாங்கள் கும்பிட்டுவந்தோம். மனிதன் தீட்டிய கோடரி என்று நீ சொன்னாய். அதற்காக யாரும் உன்மேல் கோபப்படவில்லை, கவனித்தாயா? கோடரியும் சாமியாக இருக்கலாம் என்று உன் பெரியம்மாவே சொன்னாள். முதலில் உன் மெஷின் எல்லாக் கல்லிலும் ஈயம் ஈயம் என்று காட்டியது. நீ திகைத்தாய். அப்புறம்தான் தெரிந்தது, அது கல்லைப் படிக்கவில்லை, தலைமுறை தலைமுறையாக நாங்கள் அப்பிய குங்குமத்தையும் எண்ணெயையும் படிக்கிறது என்று. பின்பக்கம் காசு அளவுக்குச் சுரண்டித் துடைத்துக்கொள்கிறேன் என்று கேட்டாய். பிறகு பாலூற்றிக் கழுவிவிட வேண்டும் என்ற பேச்சில் பெரியவர்கள் சம்மதித்தார்கள்.

அடுத்த முறை நீ வந்தபோது லேப்டாப்பில் வரைபடம் இருந்தது. கண்ணுக்கு எல்லாக் கல்லும் ஒரே கருப்பு, ஆனால் உள்ளே இருக்கும் சரக்கு மலைக்கு மலை மாறும், வீட்டுக்கு வீடு குழம்பில் உப்பும் புளியும் மாறுகிற மாதிரி என்று சொன்னாய். அதை நான் ரசித்தேன், மறைக்கவில்லை. மற்ற கல்லெல்லாம் நம் மலையின் கருங்கல் பாறையிலிருந்தே எடுத்தவை. மேடையிலேயே பெரிய கல் ஒன்று மட்டும் அந்நியம். அது வடக்கே, கர்நாடகத்துக்குள் பல நாள் நடைத்தூரத்தில் இருக்கும் ஒரு மலையோடு ஒத்துப்போகிறது. அங்கே கோடரி செய்து, கை மாறிக் கை மாறி, இந்த மேட்டுப் பூமி வழியாக நம் ஊருக்கு வந்திருக்கிறது என்று ஒரு சிவப்பு அம்புக்குறியைக் காட்டினாய். அதன் முனை நம் ஊரில் குத்தி நின்றது. எல்லாரும் கை தட்டினார்கள். நான் காபிச் சொம்போடு பின்னால் நின்றுகொண்டு சொன்னேன்: "கண்ணு, அது நான் கொண்டாந்த கல்லு." நீ திரும்பிக்கூடப் பார்க்காமல், "அம்மா, இப்ப வேணாம்" என்றாய். உன் பெரியம்மா சிரித்தாள். வாய்விட்டு இல்லை, மூக்கால்.

அப்புறம் போனில் நான் மறுபடி எடுத்தேன். நீ சொன்ன பதில் எழுத்து மாறாமல் என்னிடம் இருக்கிறது. "நீ சொல்றது ஞாபகம்மா. ஞாபகத்த வெச்சுக் கட்டுரை எழுத முடியாது. உனக்கும் பெரியம்மாவுக்கும் இருக்கற சண்டைய இதுல கொண்டாராத."

சண்டைதான். இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் சண்டைக்காரி சொல்வதால் ஒரு விஷயம் பொய்யாகிவிடாது. சின்ன வயதில் உனக்குத் தலைவாரும்போதெல்லாம் சொல்லியிருக்கிறேன், நீ தலையை இழுத்துக்கொண்டு ஓடியிருக்கிறாய். இப்போது உட்கார்ந்து கேள். நாகரசம்பட்டியில் என் பிறந்த வீட்டு மாந்தோப்பு ஓரத்திலும் இதே மாதிரிக் கற்கள் உண்டு. எங்கள் வீட்டில் மூத்த பெண்ணைக் கட்டிக்கொடுக்கும்போது அதில் ஒன்றை மஞ்சள் துணியில் சுற்றி, கேழ்வரகு நிரப்பிய சொம்புக்குள் புதைத்து, கூடவே அனுப்புவார்கள். போகிற வீட்டில் இடி விழக்கூடாது என்று. அதை மடியில் வைத்துக்கொண்டு கிருஷ்ணகிரி வந்து, பஸ் மாறி, சூளகிரியில் இறங்கி, மாட்டு வண்டியில் இந்த ஊருக்கு வந்தேன். வண்டியை விட்டு இறங்கியதும் உன் தாத்தா சொம்பை வாங்கி, கேழ்வரகைக் கொட்டி, கல்லை எடுத்துப் பார்த்தார். அப்போது உன் பெரியம்மா இந்த வீட்டுக்கு வந்து இரண்டு வருடம். கூட்டத்தைப் பார்த்துச் சொன்னாள்: "சீர்வரிசைன்னு கல்லத் தூக்கினு வந்திருக்கா பாரு. எங்க ஊர்ல கல்லுக்கா பஞ்சம்?" எல்லாரும் சிரித்தார்கள். உன் அப்பாவும். தாத்தா மட்டும் சிரிக்காமல் கொண்டுபோய் மேடையில் வைத்தார்.

பாகம் பிரித்தபோதுதான் அது வினையாயிற்று. திருவிழாவில் எந்த வீட்டுக் கல் பெரியதோ அந்த வீட்டுக்கு முதல் மாவிளக்கு. நான் கொண்டுவந்ததுதான் பெரியது. உன் பெரியப்பா எழுந்து, அது தன் பங்கு நிலத்துக் கிணற்றில் கிடைத்தது என்றார். நான் வாய் திறந்தேன். "சாட்சி யாரும்மா?" என்று பெரியவர்கள் கேட்டார்கள். உன் தாத்தா அதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டார். நான் உன் அப்பாவைப் பார்த்தேன். "விடு. ஒரு கல்லுக்காக அண்ணன எதுத்துக்கச் சொல்றியா" என்றார். அன்றிலிருந்து இன்றுவரை இரண்டாவது ஆளாக நின்று விளக்கு வைக்கிறேன். உன் அப்பா நல்ல மனிதர். அவர் போனபின்பும் அந்த ஒரு பேச்சுக்கு மட்டும் நான் அவரை விடவில்லை.

இப்போது உன்னிடம் கேட்பது மாவிளக்குக்காக இல்லை. உன் அம்புக்குறிக்காக. கல் நாகரசம்பட்டியிலிருந்து வந்தது என்றால் அந்தக் காலத்து வழி இந்த மேட்டில் முடியவில்லை. கணவாய் இறங்கி, கீழே ஆற்றோரம்வரை போயிருக்கிறது. நீ வேறு பாதையை வரைந்திருக்கிறாய். நாளைக்கு வேறு யாரோ உன் வரைபடத்தை நம்பி அதன்மேல் இன்னொன்று வரைவார்கள். அதனால் நாகரசம்பட்டிக்குப் போ, மெஷினை எடுத்துக்கொண்டு. எங்கள் தோப்புக் கற்களை அளந்து பார். ஒத்துவந்தால் நான் சொன்னது சரி. ஒத்துவராவிட்டால் என்னைப் பொய்க்காரி என்று நீயே வந்து ஊர் நடுவில் சொல். எனக்கும் பயமில்லாமல் இல்லை. முந்தாநாள் மேடைக்குப் போய் அந்தக் கல்லின் அடியில் விரல் விட்டுத் தேடினேன். நான் கொண்டுவந்த கல்லில் கட்டைவிரல் பதிகிற மாதிரி ஒரு பள்ளம் உண்டு. வழியெல்லாம் அதில் விரலை வைத்துக்கொண்டுதான் வந்தேன். இப்போது விரலுக்கு எண்ணெய்ப் பிசுக்குதான் தட்டுப்பட்டது. நீ துடைத்த இடம் வேறு பக்கம். தாத்தா அன்றைக்குக் கல்லை மேடையில் வைத்தபோது நான் தலை குனிந்திருந்தேன். எந்த இடத்தில் வைத்தார் என்பதை என் கண்ணால் பார்க்கவில்லை. இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை, சொல்லவேண்டிய அவசியமும் வந்ததில்லை. நான் விரலைத் துடைத்துக்கொண்டிருந்தபோது பின்னால் உன் பெரியம்மாவின் குரல் கேட்டது. பல வருடத்துக்குப் பின் என்னிடம் நேராகப் பேசினாள்.

"என்னடி, உன் கல்லு பேசுதா?"

"பேசும். பேச வெக்க ஆள் வருது" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

இதுவரை எழுதி நேற்று நிறுத்தினேன். தோப்புக் கல்லைத் தொட வேண்டுமானால் உன் மாமாவைக் கேட்கவேண்டும். தோப்பு அவன் பங்கு. அவனோடு எனக்குப் பேச்சில்லை என்பது உனக்குத் தெரியும், ஏன் என்பது சரியாகத் தெரியாது. என் அம்மா இறந்த சேதியை அவன் தாமதமாகச் சொல்லி அனுப்பினான். நான் போய்ச் சேர்ந்தபோது எடுத்துவிட்டார்கள். முற்றத்தில் நின்று, "இனி உன் வாசப்படி மிதிக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு, தண்ணீர்கூடக் குடிக்காமல் திரும்பினேன். அதற்குப் பிறகு உறவுக் கல்யாணங்களில் அவன் ஒரு வரிசையில் உட்கார்ந்தால் நான் வேறு வரிசை. அவன் நம்பர் மட்டும் என் போனில் இருந்தது. ஏன் வைத்திருந்தேன் என்று கேட்காதே. நேற்று சாயங்காலம் அதை அழுத்தினேன்.

"யாரு?"

"நான்தான்."

மாடு கத்துவது மட்டும் கேட்டது.

"யக்கா? யாரு செத்தாங்க?"

"யாரும் சாகல. தோப்புல அம்மா கும்புட்ட கல்லெல்லாம் இருக்குதா?"

"இருக்குது. எதுக்கு?"

சொன்னேன். உன் மெஷின், அம்புக்குறி, கல்வெட்டு, எல்லாம். அவன் குறுக்கே பேசாமல் கேட்டான். கடைசியில் சொன்னான், "அளந்தா ஒத்துவராதுக்கா."

இவனும் அவர்கள் பக்கம் பேசுகிறான் என்றுதான் முதலில் நினைத்தேன். "ஏன் ஒத்துவராது? அது நம்ம கொல்லைக் கல்லு."

"உனக்குக் குடுத்தது நம்ம கொல்லைக் கல்லு இல்ல. அம்மா கல்யாணமாகி வரும்போது மாலூர்ல இருந்து அவங்க கொண்டாந்தது. அவங்க அம்மா குடுத்தனுப்பிச்சது. கடைசியா படுத்திருந்தப்ப எங்கிட்ட சொன்னாங்க. பெரியவளுக்கு என் கல்லத்தான் குடுத்தேன், அவகிட்ட சொல்லிடுன்னாங்க."

"நீ ஏன்டா சொல்லல?"

"எங்க சொல்றது? நீதான் அன்னிக்கு முத்தத்துல நின்னு சத்தம் போட்டுட்டுப் போயிட்டியே. வாசப்படி மிதிப்ப, சொல்லலாம்னு இருந்தேன்."

போனை வைத்துவிட்டு அடுப்படியில் இருட்டும்வரை உட்கார்ந்திருந்தேன். என் அம்மா எனக்காக விட்டுப்போன ஒரு வாக்கியம் இத்தனை வருடமாக அவன் வீட்டில் காத்துக்கிடந்திருக்கிறது. என் கோபம்தான் அதற்குக் காவல் நின்றிருக்கிறது. அவன்மேல் இருந்த கோபம் போய்விட்டதா என்றால், இல்லை. சேதியைத் தாமதமாகச் சொன்னது தப்புதான். ஆனால் இதுவும் இருக்கிறது.

மேலே நான் எழுதியதை அடிக்கவில்லை. நேற்றுவரை எதை அவ்வளவு நிச்சயமாக நம்பியிருந்தேன் என்பதை நீ பார்க்கவேண்டும் என்றே விட்டிருக்கிறேன். எங்கள் கொல்லைக் கல் என்று இத்தனை காலம் அடித்துப் பேசினேனே, அது எங்கள் கொல்லைக் கல்லே இல்லை. கர்நாடக எல்லையைத் தாண்டினால் மாலூர், நம் பக்கத்துப் பேரிகையிலிருந்து எவ்வளவு தூரம்? பஸ்ஸில் ஏறிக் கண்ணயர்வதற்குள் வந்துவிடும். அங்கிருந்து அந்தக் கல் என் அம்மாவின் மடியில் கணவாய் இறங்கி நாகரசம்பட்டிக்குப் போயிருக்கிறது. பிறகு என் மடியில் மறுபடி மேலே ஏறி, புறப்பட்ட இடத்துக்குக் கிட்டத்தட்டப் பக்கத்திலேயே வந்து உட்கார்ந்திருக்கிறது. மாலூருக்கு முன்னால் எங்கே இருந்தது? என் பாட்டிக்கு அதை அவள் அம்மா கொடுத்திருக்கலாம். அவள் எந்த ஊரிலிருந்து வந்தவள் என்று சொல்ல இன்று யாரும் இல்லை. உன் வடக்கு மலைக்கும் நம் மேடைக்கும் நடுவில் இருக்கிற தூரத்தில் எவ்வளவு அந்தக் காலத்து வணிகர் நடந்தது, எவ்வளவு கல்யாணமாகிப் போன பெண்கள் சுமந்தது? நாலாயிரம் வருடத்துக்கு முன் வந்ததா, நாலைந்து கல்யாணத்தில் வந்ததா? அது எந்த மலையில் பிறந்தது என்பதை உன் மெஷின் சொல்லும், அதை நான் நம்புகிறேன். யார் மடியில் வந்தது என்பதை அது சொல்லாது. அந்த அம்புக்குறியில் பாதியை நீ ஊகித்துப் போட்டிருக்கிறாய், கண்ணு. நானும் என் பங்குக்கு ஊகித்துத்தான் சண்டை போட்டிருக்கிறேன்.

இன்று காலை உன் பெரியம்மா வீட்டுக்குப் போனேன். சமாதானம் என்று நினைத்துவிடாதே. எழுத்து வெட்ட ஆரம்பிப்பதற்குள் என் வாயால் சொல்லிவிட வேண்டும் என்று போனேன். வாசலிலேயே நின்றுகொண்டேன், உள்ளே காலெடுத்து வைக்கவில்லை. அவள் முறத்தில் அவரைக்கொட்டை பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்தக் கல்லு உங்க கெணத்துல கெடச்சதில்ல. எங்க கொல்லையில கெடச்சதும் இல்ல. எங்கம்மா மாலூர்ல இருந்து கொண்டாந்தது. என் தம்பி சொன்னான்."

"உன் தம்பியா? அவன்கூட உனக்குப் பேச்சு இருக்குதா?"

"நேத்துல இருந்து இருக்குது."

அவள் முறத்தைக் கீழே வைத்தாள். கத்துவாள் என்று நான் தயாராக நின்றேன். அவள் கத்தவில்லை.

"கெணத்துல கல்லு கெடச்சது நெசம்டி. எங்க வீட்டுக்காரர் சேறு வழிய அத ரெண்டு கையில ஏந்தினு வந்தாரு. நான்தான் தண்ணி ஊத்திக் கழுவினேன். இந்தக் கையால. நானும் பொய் சொல்லல."

அவள் முகத்தைப் பார்த்தேன். பொய் சொல்லும்போது அவள் வலது புருவம் ஏறும், எனக்கு நன்றாகத் தெரியும். ஏறவில்லை. மேடையில் இருக்கிற கற்களில் ஏதோ ஒன்றை அவள் கழுவியிருக்கிறாள். ஏதோ ஒன்றை நான் சுமந்திருக்கிறேன். எது எது என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியாது. எண்ணெய் பூசிப் பூசி எல்லாவற்றையும் ஒன்று மாதிரி ஆக்கிவிட்டோம்.

"அப்ப எங்க கல்லு எதுடி?" என்று கேட்டாள். என்னைப் போய் அவள் கேட்டாள்.

எனக்குத் தெரியாது என்று சொன்னேன். அந்த வார்த்தையை அவளிடம் நான் சொன்னது இதுதான் முதல் தடவை.

ஆகையால் நீ செய்யவேண்டியதைச் சொல்கிறேன். வெள்ளிக்கிழமைக்கு முன் உன் பெரியப்பா மகனுக்குப் போன் போட்டு, எழுத்து வெட்டாதே என்று சொல். நான் சொன்னால் பொறாமை என்பான், அவன் அம்மாவே சொன்னாலும் வயதாகிவிட்டது என்பான், நீ சொன்னால்தான் கேட்பான். பலகை வெறுமையாக நின்றாலும் கருப்பு கிரானைட் பார்க்க நன்றாகத்தான் இருக்கும். உன் கட்டுரையை அனுப்புவதைத் தள்ளிவை. மேடையில் இருக்கிற எல்லாக் கல்லின் அடியையும் துடைத்துப் பார், கட்டைவிரல் பதிகிற இடம் எதில் இருக்கிறது என்று. அந்நியக் கல்லிலேயே இருந்தால் அது நான் கொண்டுவந்தது. வேறு கல்லில் இருந்தால் வடக்கிலிருந்து வந்தது உன் பெரியம்மா வீட்டுக் கிணற்றுக் கல்லாகக்கூட இருக்கலாம். உன் அம்புக்குறி பிழைத்துக்கொள்ளும். நான் தோற்பேன். இருந்தாலும் துடைத்துப் பார். பிறகு நாகரசம்பட்டி, அதன்பின் மாலூர். எங்கே வழி அறுந்துபோகிறதோ அந்த இடத்தில், தெரியாது என்று எழுது. நான் சொல்லிவிட்டேன், நீ எழுதுவதற்கு என்ன?

ஞாயிற்றுக்கிழமை காலை முதல் பஸ்ஸில் வந்து ஓசூர் பஸ் ஸ்டாண்டில் கிருஷ்ணகிரி வண்டி நிற்கும் இடத்தில் இருப்பேன். உன் மாமா தோப்புக் கற்களைக் கழுவி வைக்கிறேன் என்றிருக்கிறான். மெஷினை எடுத்துக்கொண்டு வா. நீ வராவிட்டாலும் நான் பஸ் ஏறுவேன், அவன் வாசற்படியை மிதிப்பேன். நீ வராததையும் ஞாபகம் வைத்திருப்பேன்.

உன் அம்மா